கவை இரும்பு சொன்ன வரலாறு



ஆயர் ஈத்தாமில் தம் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த பெற்றோர் ஒருவர், சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு தகரப்பெட்டியுடன் என்னைக் காண வந்தார். பெட்டி நிறையத் துருவேறிய இரும்புத் துண்டுகள்.

“நாளைக்குப் பழைய இரும்பு வாங்குபவர் வருகிறார், ஐயா. போருக்கு முன்பே தாத்தா ஃபோர்டு கார் ஓட்டினார் என்று அப்பா சொல்வார். வீட்டில் யாரும் அதை நம்பியதில்லை. காட்டுவதற்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. எடைக்குப் போடுமுன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்” என்றார்.

எனக்கு மகிழுந்துப் பட்டறை அனுபவம் கிடையாது. ஆயினும் வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், எழுத்துள்ள பொருள் எதுவாயினும் அதைப் படித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. பெட்டியில் ஒரு துண்டு என் கண்ணில் பட்டது. சிறுவர்கள் உண்டிவில்லுக்குத் தேடும் கவட்டையைப் போல இரு கிளைகள் கொண்ட கனத்த இரும்பு அது. அதன் உடலில் சில எழுத்துகள் புடைத்திருந்தன. துருவைத் துணியால் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். கல்வெட்டைப் படியெடுப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ‘சி’ என்ற ஆங்கில எழுத்தும் 8 என்ற எண்ணும் முதலில் தெளிந்தன. சற்றுத் தள்ளி 7515 என்ற எண் இருந்தது.

ஃபோர்டு நிறுவனத்தின் உதிரிப்பாக எண்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. எண்ணின் முற்பகுதி, அந்தப் பாகம் எந்த ஆண்டு வண்டிக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டும். அடுத்து வரும் அடிப்படை எண், அது எவ்வகைப் பாகம் என்பதைச் சொல்லும். 6000 வரிசை இயந்திரத்தைக் குறிக்கும். 7000 வரிசை கிளச்சையும் கியர்ப்பெட்டியையும் குறிக்கும். 7515 என்பது கிளச் மிதியை அழுத்தும்போது பேரிங்கைத் தள்ளிக்கொடுக்கும் கவை. ஆண்டுகள் மாறினாலும் இந்த அடிப்படை எண்கள் பல பத்தாண்டுகள் மாறாமல் தொடர்ந்தன. ஆகவே இது என்ன பாகம் என்ற கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிட்டது.

எந்த ஆண்டு என்ற கேள்வியில்தான் நான் தவறினேன். பிற்கால ஃபோர்டு எண்களில் முதல் எழுத்து பத்தாண்டைக் குறிக்கும். ‘பி’ என்றால் 1950கள். ‘சி’ என்றால் 1960கள். ‘டி’ என்றால் 1970கள். அடுத்த எண் அப்பத்தாண்டுக்குள் எந்த ஆண்டு என்பதைக் காட்டும். அந்தக் கணக்கில் இது 1968ஆம் ஆண்டுப் பாகம். “போருக்கு முந்தியது அன்று” என்று வந்தவரிடம் சொல்லியும் விட்டேன். அவர் முகம் வாடியது.

அவர் எழுந்த பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 8க்கு அடுத்து 1 இருந்தது. அதற்கடுத்து ‘ஏ’ இருந்தது. 1960களின் முறைப்படி மூன்றாம் இடத்தில் எழுத்து வரவேண்டும், எண் வராது. ‘81ஏ’ என்பதோ பழைய முறையில் 1938ஆம் ஆண்டு வண்டிக்குரிய குறி. 1939க்கு ‘91ஏ’, 1940க்கு ‘01ஏ’ என்று அது தொடரும். அப்படியானால் முன்னே நிற்கும் ‘சி’ எதற்கு? அது கனடாவைக் குறிக்கும் எழுத்து.

அமெரிக்க வண்டிக்குக் கனடாவின் பாகம் எப்படி வந்தது? இதற்கு விடை நம் காலனித்துவ வரலாற்றில் இருக்கிறது. 1904இல் தொடங்கப்பெற்ற கனடா ஃபோர்டு நிறுவனத்திற்கே, பிரிட்டன் நீங்கலாகப் பேரரசு நாடுகளில் ஃபோர்டு வண்டிகளை விற்கும் உரிமை இருந்தது. பேரரசுக்குள் செய்யப்பட்ட பொருளுக்கு வரிச்சலுகையும் கிடைத்தது. 1926இல் சிங்கப்பூரில் அமைந்த மலாயா ஃபோர்டு நிறுவனம் அதன் கிளையே. அவ்வாண்டில் இந்தியாவில் தொடங்கிய ஃபோர்டும் அவ்வாறே. ஆதலால் நம் முன்னோர் ‘அமெரிக்கக் கார்’ என்று அழைத்தவற்றுள் பல கனடாவிலிருந்து கப்பலேறியவை.

அதே மலாயா ஃபோர்டு நிறுவனம் 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் புதிய தொழிற்சாலையைத் திறந்தது. அவ்வாண்டு டிசம்பர் 11இல் ஜார்ஜ் டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 19ஆம் நாள் பினாங்கு வீழ்ந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று தளபதி பெர்சிவல், யமாஷித்தாவிடம் சரணடைந்து கையொப்பமிட்டதும் அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தில்தான்.

உடனே அப்பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து, என் பிழையை ஒப்புக்கொண்டேன். ஆனால் அவர் மகிழ்ச்சியில் மற்றொரு பிழைக்கு இடங்கொடுக்கவும் கூடாது. “தாத்தா 1938இல் கார் ஓட்டினார் என்பதற்கு இது சான்றாகாது. 1938ஆம் ஆண்டு வண்டிக்கென வடிவமைத்த பாகத்தைப் பிந்திய ஆண்டுகளின் வண்டியிலும் பொருத்தியிருக்கலாம். போருக்குப் பின் பழைய கடையில் வாங்கியும் இருக்கலாம். அப்பா சொன்னது நடந்திருக்கக்கூடியதே என்பது வரையில்தான் இந்த இரும்பு சொல்லும்” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அது போதும், ஐயா. அப்பா சொன்னதைக் கதை என்று சிரித்தோமே, இனிச் சிரிக்கமாட்டோம்” என்றார்.

மறுநாள் பெட்டி எடைக்குப் போகவில்லை. பெட்டியிலிருந்த திருகாணிகளை அவர் மகளும் நானும் மரை அளவியால் சோதித்தோம். சிலவற்றின் மரைக்கோணம் 60 பாகை. அது அமெரிக்க முறை. சிலவற்றில் 55 பாகை. அது பிரிட்டனின் விட்வொர்த் முறை. தாத்தாவின் கைகள் ஒரு நாட்டு வண்டியோடு நிற்கவில்லை போலும். ஒவ்வொரு துண்டுக்கும் அச்சிறுமி ஒரு சீட்டு எழுதிக் கட்டினாள். தெரியாதவற்றில் ‘தெரியவில்லை’ என்றே எழுதச் சொன்னேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழம்பொருளை அகற்றுமுன் அதிலுள்ள எழுத்தைப் படியெடுங்கள். எங்கே, யாருடைய பெட்டியில் இருந்தது என்பதையும் எழுதிவையுங்கள். ஆசிரியர்களே, எண்ணின் முதல் இரண்டு குறிகளோடு நின்ற என் பிழையை உங்கள் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், எனக்கு வருத்தமில்லை.