பிரித்தானியரும் முயலிறைச்சியும்

ஒரு சமுதாயம் எதனை உண்ணும், எதனை ஒதுக்கும் என்பதைச் சமயமும் சுவையும் மட்டுமன்றி வரலாற்று நிகழ்வுகளும் தீர்மானிக்கின்றன. பிரித்தானியாவில் முயலிறைச்சி அடைந்த நிலை இதற்குத் தக்க சான்றாகும்.

மத்திய காலத்தில் பிரபுக்களின் உணவாயிருந்த முயல், பிற்காலத்தில் நாடெங்கும் பெருகி ஏழைகளின் உணவாயிற்று. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் பங்கீட்டுக்குட்பட்டன, முயலிறைச்சி உட்படவில்லை. எனவே பலர் அதனையே நாடினர்.

இந்நிலையை மாற்றியது மிக்சோமற்றோசிஸ் என்னும் நோயாகும். 1950இல் அவுஸ்திரேலியாவில் முயல்களை ஒழிக்கும் பொருட்டுப் பரப்பப்பட்ட இந்நோய், 1952இல் பிரான்சிலும் 1953இல் இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலும் தோன்றியது. சில ஆண்டுகளுள் பிரித்தானிய முயல்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டவை மடிந்தன. கண்கள் வீங்கிக் குருடாகி வயலோரங்களில் கிடந்த முயல்களைக் கண்ட மக்கள், அந்நோய் மனிதரைத் தொற்றாதெனினும், அவ்விறைச்சியை அருவருத்தனர். 1954இல் இறைச்சிப் பங்கீடும் முடிவுற்றது. பின்னர் பண்ணைக்கோழி மலிவாயிற்று. பஞ்சகாலத்தை நினைவூட்டிய முயலிறைச்சி பழைய இடத்தை மீளப் பெறவில்லை.

பிரான்சிலும் காட்டு முயல்கள் அழிந்தன. ஆயினும் அங்குக் கிராமக் குடும்பங்கள் கூடுகளில் முயல் வளர்த்து உண்ணும் வழக்கம் வேரூன்றியிருந்தமையால், முயலிறைச்சி உணவிலிருந்து நீங்கவில்லை. ஒரே நோய் இரு நாடுகளில் இருவேறு விளைவுகளைத் தந்தது. ஆகவே, உணவு பற்றிய அருவருப்பை ஓரினத்தின் இயற்கைக் குணமெனக் கொள்வது பொருந்தாது; அது வரலாற்றின் விளைவே எனலாம்.