இலக்கணத்துக்குள் அடங்காத ஆங்கில மரபுத்தொடர்கள்

ஆங்கிலத்தில் வழங்கும் சில மரபுத்தொடர்களை இன்றைய இலக்கணப்படி சொல் சொல்லாகப் பிரித்தால் பொருளும் கிடைக்காது, வாக்கியமும் நிற்காது. பிழைபோலத் தோன்றினாலும் வழக்கில் நிலைத்துவிட்டதை ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்பது தமிழ் மரபு. ஆங்கில இலக்கண நூலார் அந்த இடத்துக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. உண்மையில் இத்தொடர்களில் பல விதியை மீறிப் பிறந்தவையே அல்ல. அவை பிறந்த காலத்தின் விதி வேறு.

ஏறத்தாழ கி.பி. 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறின. அடுத்த நூற்றாண்டுகளில் அந்த ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. மரபுத்தொடர்கள் சிலவற்றில் மட்டும் பழைய வேற்றுமை தங்கிவிட்டது. தமிழில் வேற்றுமை உருபுகள் இன்றும் வழங்குவதால், இவற்றை ஆங்கிலேயரைவிடத் தமிழர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அடிக்கடி வரும் ‘மீதிங்க்ஸ்’ நல்ல சான்று. ‘நான்’ என்ற எழுவாய் இல்லாமல் ‘என்னை நினைக்கிறது’ என்று சொல்வதுபோல் இது ஒலிக்கும். ஆனால் இங்குள்ள வினை நினைத்தலைக் குறிப்பதன்று. ‘தோன்றுதல்’ என்ற பொருளில் தனியாக வழங்கிய மற்றொரு வினை அது. பிற்காலத்தில் இரண்டும் ஒலியில் ஒன்றாகிவிட்டன. ‘மீ’ என்பதோ நான்காம் வேற்றுமை. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று தமிழில் சொன்னால் தொடரின் இலக்கணம் முழுதும் வந்துவிடுகிறது. 1611-இல் வெளியான ஜேம்ஸ் அரசர் விவிலியத்தில் காணும் ‘வோ இஸ் மீ’ என்பதும் இவ்வகையே. ‘துயரம் நானே’ என்று அதைப் படிப்பது தவறு. ‘எனக்குத் துயரம்’ என்பதே பொருள்.

‘த மோர் த மெரியர்’ இன்னும் சுவையானது. ஆள் கூடக் கூட மகிழ்ச்சி கூடும் என்பது கருத்து. பெயர்ச்சொல்லின் முன் வரவேண்டிய ‘த’ இங்கே ‘அதிகம்’, ‘மகிழ்வு மிக்க’ என்ற சொற்களின் முன் நிற்கிறது, வினையும் இல்லை. இந்த ‘த’, பழைய ஆங்கிலச் சுட்டுச்சொல் ஒன்றின் மூன்றாம் வேற்றுமை வடிவத்திலிருந்து வந்தது. ‘அதனால்’, ‘அவ்வளவுக்கு’ என்பது அதன் பொருள். ‘காட் சேவ் த கிங்’ என்பதில் வினை ஒருமை ஈறு பெறாததும் பிழையன்று. ‘கடவுள் அரசரைக் காக்க’ என்னும் வியங்கோள் அது.

எல்லாமே பழைய வேற்றுமையின் எச்சம் என்று சொல்லிவிட முடியாது. ‘பொதுவாக’ என்ற பொருளில் வரும் ‘பை அண்ட் லார்ஜ்’ பாய்மரக் கப்பலிலிருந்து கரையேறிய தொடர். காற்று வரும் திசையை இயன்றவரை நெருங்கிக் கப்பல் செல்வது ‘பை’. பின்பக்கத்துக் காற்றைப் பாயில் வாங்கி ஓடுவது ‘லார்ஜ்’. சாமுவேல் ஸ்டர்மி 1669-இல் வெளியிட்ட கடலோடிகளுக்கான கையேட்டில் இத்தொடர் உண்டு. இரு நிலையிலும் நன்றாக ஓடும் கப்பல், எப்படிப் பார்த்தாலும் நல்ல கப்பல் அல்லவா? கடலை அறியாதவர் வாய்க்கு வந்தபோதுதான் முன்னிடைச்சொல்லும் பெயரடையும் பொருத்தமின்றி இணைந்ததுபோல் ஆயிற்று.

‘பார்த்து வெகுநாளாயிற்று’ என்னும் ‘லாங் டைம் நோ சீ’ வேற்றுமொழியாளர் தந்த கொடை. 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் அச்சேறிய நினைவுக்குறிப்பு ஒன்றில், பூர்வகுடி ஒருவர் கூற்றாக இதையொத்த தொடர் வருகிறது. ‘வெகுகாலம் காணவில்லை’ என்ற சீன முகமனோடும் இது சொல்லுக்குச் சொல் பொருந்துவதால், சீனத் துறைமுகங்களின் வணிகக் கலப்புமொழியிலிருந்து வந்ததாகவும் கூறுவர். அரைகுறை ஆங்கிலம் என்று எள்ளப்பட்டவர்களின் பேச்சு இன்று ஆங்கிலேயரின் அன்பான விசாரிப்பாக நிற்பது மனநிறைவு தரும் செய்தி.

இத்தகைய வழக்குகளைப் பிழையெனக் காணும் ஆங்கில இலக்கண விதிகள் 18ஆம் நூற்றாண்டில்தான் இறுகின. ராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்ட இலக்கணச் சுருக்கம் ஷேக்ஸ்பியர், மில்டன் ஆகியோரிடமும் பிழை கண்டது. ‘நான்தான்’ என்ற பொருளில் வரும் ‘இட் இஸ் மீ’ என்ற பேச்சு வழக்கு தவறென்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் எழுதிய சொல், மரபுத்தொடர் பற்றிய நூலும், மறு ஆண்டு வந்த, ஃபௌலர் என்பவரின் ஆங்கில வழக்கு அகராதியும் மரபுத்தொடருக்குத் தனி மதிப்பு அளித்தன. 1988-இல் சார்லஸ் ஃபில்மோர், பால் கே, மேரி கேத்தரின் ஓ’கானர் ஆகியோர் ‘ஒருபுறமிருக்க’ என்ற பொருளில் வரும் ‘லெட் அலோன்’ என்ற ஒரே தொடரை ஆராய்ந்து, விதிவிலக்கு என்று ஒதுக்கியவற்றுக்கும் உள்ளொழுங்கு உண்டு என்று காட்டினர். கட்டமைப்பு இலக்கணம் என்ற மொழியியல் பிரிவு வளர அந்த ஆய்வு வழிவகுத்தது.

இன்று ‘மீதிங்க்ஸ்’ பெரும்பாலும் பழைய ஏடுகளோடு நின்றுவிட்டது. ‘த மோர் த மெரியர்’ விருந்துக்கு அழைக்கும் வீடுகளில் இப்போதும் புழங்குகிறது.