யானைத் தடத்தில் ஒரு பெயர்: மாதங்கி

மலாக்காவில் இருப்பவர்கள் யானையின் பெயரைச் சொல்லாமல் நாளைக் கழிப்பது அரிது. வடக்கே உள்ள மாவட்டம் அலோர் காஜா. யானை நடந்து நடந்து பள்ளமான தடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நகருக்குள் மலாக்கா செட்டிகள் வாழும் கம்போங் செட்டி இருப்பது காஜா பேராங்கில். சினம் கொண்ட யானை என்பது அந்தப் பெயரின் பொருள். காடு ரப்பராகி, ரப்பர் செம்பனையாகி, பல இடங்களில் செம்பனையும் தாமான் வீடுகளாகிவிட்டது. யானை எப்போதோ போய்விட்டது. பெயர் மட்டும் பேருந்துப் பலகையில் நிற்கிறது.

காஜா, வடமொழிக் கஜம் மலாயில் குடியேறிய வடிவம். அதே வடமொழியில் யானைக்கு மாதங்கம் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தச் சொல்லின் குடும்பத்தில் பிறந்த மாதங்கி என்ற பெயரை எனக்குத் தெரிந்தவரை பின்தொடரப் போகிறேன். காரணம், அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு பாடகி. மேலை உலகம் அவரைக் கொண்டாடியது, திட்டியது, அவரிடம் இழப்பீடு கேட்டது. தமிழர்களாகிய நாம்தான் அவரைச் சரியாகக் கேட்கவில்லை.

மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். பத்துப் பதினோரு வயதில் தாயோடும் உடன்பிறந்தாரோடும் அகதியாக லண்டன் திரும்பினார். சென்ட்ரல் செயிண்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் படித்தவர் என்பதால் ஓவியம், படம், உடை, மேடை, பாட்டு எல்லாமே அவருக்கு ஒரே வேலை. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். போரில் காணாமல் போனவர்களைக் குறிக்கும் ராணுவச் சொற்றொடரின் முதலெழுத்துகள் அவை. லண்டனின் ஆக்டன் பகுதியில் இருந்தபோது சூட்டிக்கொண்டதால் 'ஆக்டனில் காணாமல் போனவள்' என்றும் அவரே பொருள் விரித்திருக்கிறார். காணாமல் போனவர்களின் படத்தை ஏந்தித் தாய்மார்கள் தெருவில் உட்கார்ந்திருக்கும் ஒரு நாட்டிலிருந்து வந்தவர் இப்படி ஒரு பெயரை எடுத்தது விளையாட்டுக்கு அல்ல.

இனி யானைக்கு வருவோம். மாதங்கம் என்பதை மதத்தோடு சேர்த்து, மதம் பிடிப்பது என்று விளக்குவோர் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. காஜா பேராங்குக்கும் பொருந்துகிறது. ஆனால் ஒலியொற்றுமைக்கு மேல் அதில் வலுவில்லை. 1920களில் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் வேறொரு வழி காட்டினார்கள். வடமொழிக்கு முன்பே இந்தியாவில் வழங்கிய ஆஸ்திரிக் மொழிகளில் கையைக் குறித்த சொல்லிலிருந்து மாதங்கம் வந்திருக்கலாம் என்றார்கள். மலாயில் கைக்கு 'தாங்ஙான்' என்பது மலேசியக் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சொல்லைத்தான் அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். கை உள்ள விலங்கு யானை. தமிழில் கைம்மா என்கிறோம். வடமொழி ஹஸ்தியும் கையுடையதுதான். இது முடிந்த முடிபல்ல, ஊகம். ஆனாலும் என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. மூன்று மொழிக் குடும்பங்கள் ஒரே விலங்கின் துதிக்கையைப் பார்த்து ஒரே மாதிரி வியந்திருப்பது நம்பத்தக்கதாக இருக்கிறது.

வடமொழி நூல்களில் மாதங்கன் என்றால் யானை மட்டுமல்ல, ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட குலத்தவனும்தான். புத்தரின் சீடர் ஆனந்தருக்குத் தண்ணீர் கொடுத்த பெண்ணைப் பௌத்தக் கதை மாதங்கப் பெண் என்கிறது. தாகூர் 1933இல் எழுதிய 'சண்டாளிகா' அந்தக் கதையைத்தான் நாடகமாக்கியது. தீண்டக் கூடாதவள் என்று ஒதுக்கப்பட்டவளிடம் துறவி தண்ணீர் கேட்டது அந்தப் பெயரின் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி.

தமிழுக்கு வரும்போது பெயருக்கு இசை சேர்கிறது. நம் நிகண்டுகள் பாணர்களுக்குத் தரும் பெயர்களில் மதங்கர் என்பதும் ஒன்று. இசைத் துறையிலும் ஒரு மதங்கர் இருக்கிறார். இராகம் என்றால் என்ன என்று முதலில் வரையறுத்த நூலாக மதிக்கப்படும் 'பிருகத்தேசி' மதங்க முனிவர் பெயரில்தான் வழங்குகிறது. தேசி என்றால் அந்தந்த நாட்டு மக்கள் பாடும் இசை. தெருவும் வயலும் பாடுவது. சாத்திரம் எழுத வந்த முனிவர் மக்கள் இசையைத் தலைப்பிலேயே வைத்தார்.

ஈழமும் இந்தச் சொல்லை எடுத்து ஆண்டிருக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் ஷேக்ஸ்பியரையும் நாடகக் கலையையும் பற்றி எழுதிய நூலுக்கு 'மதங்க சூளாமணி' என்று பெயரிட்டார். மதங்கர் இங்கே கூத்தர்; கூத்தரின் தலைமணி ஷேக்ஸ்பியர். இங்கிலாந்துக் கலைஞனுக்கு ஈழத்துத் துறவி சூட்டிய பட்டம் அது. இங்கிலாந்தின் மேடையேறிய ஈழத்துப் பெண் பிறவியிலேயே அந்தச் சொல்லோடு வந்தார்.

என்னை அதிகம் ஈர்ப்பது கலம்பகத்தின் மதங்கியார். பல வகைப் பாக்களும் பல வகைப் பொருளும் கலந்து வரும் சிற்றிலக்கியம் கலம்பகம். நமக்குக் கிடைத்தவற்றுள் பழையது ஒன்பதாம் நூற்றாண்டின் நந்திக் கலம்பகம். அதன் தலைவன் மூன்றாம் நந்திவர்மன். அவன் பட்டப்பெயரால் அமைந்த குளத்தைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இதே தீபகற்பத்தின் வடபால், தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்தது. கலம்பகத்தில் இறைவன் புகழும் வரும், காதல் புலம்பலும் வரும்; குறத்தி குறி சொல்வாள், கள் குடித்தவன் உளறுவான், சித்தன் இரும்பைப் பொன்னாக்குவேன் என்பான். அந்தக் கூட்டத்தில் மதங்கியார் என்று ஓர் உறுப்பு. இரண்டு கையிலும் வாள் ஏந்தி, வாளும் சுழல, தானும் சுழன்று தெருவில் ஆடும் பெண் அவள். பார்ப்பவன் வாளைக் கண்டு அஞ்சுவதா, ஆடுபவளைக் கண்டு மயங்குவதா என்று தடுமாறுவதே அந்தப் பாட்டின் பொருள்.

எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் தெரியும். தாலாட்டுப் போல இழையும் மெட்டு; பல்லவியில் துப்பாக்கி வெடிப்பும் கல்லாப்பெட்டி திறக்கும் ஒலியும். 'தி கிளாஷ்' என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்த துண்டின் மேல் கட்டியது. 2008இல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம்வரை போனது. குடிவந்தவர்களை நாடுகள் எப்படிப் பார்க்கின்றனவோ அந்தப் பார்வையையே எடுத்துச் சுழற்றும் பாட்டு அது. பாட்டு எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டால் ஹிப்ஹாப் என்பார் ஒருவர், நடனக்கூட இசை என்பார் இன்னொருவர், கலைப்பாப் என்பார் மூன்றாமவர். கலம்பகம் என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடலாம்.

தெய்வமாகவும் மாதங்கி உண்டு. பத்து மகாவித்தியைகளில் ஒருத்தி. கையில் வீணை, அருகில் கிளி. மதுரை மீனாட்சியை இராஜமாதங்கி என்று முத்துசாமி தீட்சிதர் வராளி இராகத்தில் அழைத்திருக்கிறார். அதே தெய்வத்துக்கு உச்சிஷ்ட மாதங்கி என்றொரு வடிவம். எச்சிலைப் படையலாக ஏற்பவள். மற்றத் தெய்வங்கள் விலக்குவதை இவள் விரும்பிக் கேட்கிறாள். அரண்மனையும் எச்சிலும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன.

நம் தோட்டங்களுக்கு இவள் புதியவள் அல்லள். ஜாசினிலும் மெர்லிமாவிலும் தெபோங்கிலும் ரப்பர்த் தோட்டம் இருந்த இடமெல்லாம் ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. அந்த அம்மன் கதையை லயத்துக் கிழவிகள் சொல்வார்கள். பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டப் போனபோது, தாழ்ந்த குலத்துப் பெண்ணொருத்தி அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு தலையும் விழுந்தன. உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறி ஒட்டிக்கொண்டன. ஆந்திர, கன்னட நாடுகளில் எல்லம்மா வழிபாட்டில் அந்தப் பெண்ணின் மரபு மாதங்கி என்றே வழங்குகிறது. அம்மன் ஏறிய மாதங்கிப் பெண் திருவிழாவில் எல்லாச் சாதியாரையும் வாய்க்கு வந்தபடி ஏசுவாள், எச்சில் உமிழ்வாள். அவர்கள் அதை அருளாக ஏற்பார்கள் என்று இனவரைவியலாளர் தர்ஸ்டன் 1909இல் எழுதியிருக்கிறார். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் கொடுமையும் அந்த வழக்கத்தின் உள்ளே இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை மட்டும் போற்ற முடியாது. ஆனாலும் ஆண்டில் ஒரு நாள் ஊர் முழுவதையும் முகத்துக்கு நேராக ஏசும் உரிமை மாதங்கிக்கு இருந்தது.

2012இல் மடோனாவோடு அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி இடைவேளையில் பாடிய எம்.ஐ.ஏ., கோடிக்கணக்கானோர் பார்க்கும் கேமராவுக்கு நடுவிரலைக் காட்டினார். கால்பந்துக் கழகம் அவரிடம் கேட்ட இழப்பீடு 1.66 கோடி டாலர்வரை ஏறியது. 2014இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. நடு விரல்கள் நிமிர்ந்து சேர்வதே மாதங்கி முத்திரை, நான் காட்டியது அதுதான் என்றார் அவர். இந்த விளக்கத்தைப் பலர் நம்பவில்லை. முத்திரைக்கு இரு கை வேண்டும் என்று தந்திர நூல் அறிந்தவர்கள் சொல்லலாம். எனக்கோ முத்திரையைவிட, திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஏசும் அந்தப் பழைய மாதங்கிதான் நினைவுக்கு வருகிறாள்.

அவருடைய இசைத் தொகுப்புகளின் பெயர்களை வரிசையாகப் படித்தால் பிறப்புச் சான்றிதழைப் படிப்பது போல இருக்கும். 2005இல் 'அருளர்': தந்தையின் இயக்கப் பெயர், ஈரோஸ் என்ற ஈழப் போராளி அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 2007இல் 'கலா': தாயின் பெயர். 2010இல் 'மாயா': வீட்டுப் பெயர். 2013இல் 'மாதங்கி': இட்ட பெயர். தகப்பனில்லாமல் வளர்ந்த மகள் தகப்பன் பெயரை முதலில் எழுதினாள். தையல் வேலை செய்து வளர்த்த தாயின் பெயரை அடுத்து எழுதினாள். சொந்தப் பெயருக்கு வர எட்டு ஆண்டு ஆயிற்று. தம் பெயரில் ஒரு தெய்வம் இருப்பதை இணையத்தில் தேடியபோதுதான் அறிந்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

இவற்றில் 'கலா'தான் சிகரம் என்பது என் துணிபு. விசா சிக்கலால் அமெரிக்காவுக்குள் போக முடியாமல் போன காலத்தில், அவர் சென்னை, டிரினிடாட், லைபீரியா என்று திரிந்து செய்தது. முதல் பாட்டு 'பாம்பூ பங்கா'வில் 'தளபதி' படத்து இளையராஜாவின் 'காட்டுக்குயிலு' ஓடுகிறது. 1991இல் வந்து, நாம் பொங்கலுக்குப் போட்டு ஆடிய அதே பாட்டு. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் உறுமி. சென்னையில் உறுமிக்காரர்களைக் கூட்டி வைத்துப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ'வுக்குக் காணொளி எடுத்தது இராமேசுவரத்தில்.

உறுமி என்றால் மலேசியத் தமிழனுக்கு விளக்கம் வேண்டாம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து முனகவிட்டு, மறு முகத்தை நேர்க்குச்சியால் அடிக்கும் கருவி. மாசிமகத்தில் செங் சன்னாசிமலைக்குத் தேரும் காவடியும் போகும்போது அந்த உறுமல் வயிற்றுக்குள் இறங்கும். தமிழ்நாட்டில் சாதியின் பேரால் ஒதுக்கிய தோலிசைக் கருவி, இங்கே தோட்டத்துப் பிள்ளைகளின் கையில் பெருமையான குழுவாயிற்று. இரைச்சல் என்று இங்கும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். 'பேர்ட் ஃப்ளூ' வந்தபோது மேலை விமர்சகர் சிலரும் இரைச்சல் என்றார்கள்.

மலேசியத் தமிழரும் இசைவகை மாற்றத்தில் பின்தங்கியவர்கள் அல்லர். பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள், லோகநாதனும் டேவிட்டும், அலிகேட்ஸ் என்ற பெயரில் சோல் இசையை மலாய்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து ஒரு தலைமுறையையே பாடவைத்தார்கள். யோகி பி–நட்சத்திராவின் 'வல்லவன்' 2006இல் வந்தது. 'அருளர்' வந்த மறு ஆண்டு. அங்கே யாழ்ப்பாணத்துப் பெண், இங்கே மலேசியப் பையன்கள். இருவருமே தமிழ்ப் பறையையும் கறுப்பின மக்களின் கவிதைத் தாளத்தையும் ஒரே நேரத்தில் பிணைத்தார்கள். யோகி பியை நம் வானொலிகள் ஏற்றுக்கொண்டன. எம்.ஐ.ஏ. பாட்டு தமிழ் ஒலிபரப்பில் வந்து நான் கேட்டது மிக அரிது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்து 'ஓ சாயா'வுக்காக ரகுமானோடு சேர்ந்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர் என்பதைக்கூட ரகுமான் ரசிகர்கள் பலர் மறந்துவிட்டார்கள். 2009இல் இலங்கையின் வன்னியில் போரின் கடைசி மாதங்கள் நடந்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அந்த மக்களைப் பற்றிப் பேசிய தமிழ்ப் பெயர் பெரும்பாலும் இவருடையதுதான். அதற்காக இழந்ததும் நிறைய.

2022இல் அவர் இயேசுவைக் கண்டதாகவும் கிறித்துவத்தை ஏற்றதாகவும் சொன்னார். அதே ஆண்டு வெளிவந்த தொகுப்பின் பெயர் 'மாதா'. தமிழில் மரியாளும் மாதா, மாரியும் மாதா. மாதங்கியின் முதல் இரண்டெழுத்தும் ஏறக்குறைய அதுதான். இனி இந்தப் பெயர் எங்கே போகும் என்று எனக்கு ஆவலாக இருக்கிறது.

அவரைக் கேட்கத் தொடங்குபவர்கள் 'பேப்பர் பிளேன்ஸ்' பக்கம் முதலில் போக வேண்டாம். 'பேர்ட் ஃப்ளூ'வை நல்ல ஒலிபெருக்கியில், உறுமி அடிக்கத் தெரிந்த தம்பி ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். பிறகு 'பாய்ஸ்', பிறகு 'பாம்பூ பங்கா'. ஆங்கிலம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அடி எங்கே விழுகிறது என்று அவன் சொல்லிவிடுவான்.