ஏற்காடு மிளகு, இரும்புச் சட்டி, அண்டர்கட்... வீட்டிலேயே க்ரீமி பெப்பர் ஸ்டேக்!

கறி வறுத்து இறக்கிய சட்டியில், சூடா ரெண்டு கரண்டி சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டிருக்கீங்களா? அந்தச் சட்டிச் சோற்றுக்காக வீட்டில் ஒரு சண்டையே நடக்கும். கறியைவிட, சட்டியின் அடியில் ஒட்டிக்கிடக்கும் மசாலாவில்தான் ருசி அதிகம் என்பது நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

ஸ்டேக் மேல் ஊற்றித் தரும் க்ரீம் சாஸும் கிட்டத்தட்ட இதே கதைதான். கறியைச் சுட்ட அதே சட்டியில், அடியில் ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டி, மிளகும் க்ரீமும் சேர்த்தால் சாஸ் ரெடி. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஸ்டேக் ஓ புவாவ்ர்' என்பார்கள். அர்த்தம், மிளகு போட்ட ஸ்டேக். அவ்வளவுதான்!

மிளகு என்றதும் நமக்குப் பக்கத்தில் இருப்பது ஏற்காடு. சேலம் அடிவாரத்தில் ஆரம்பித்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் சேர்வராயன் மலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். இன்று அந்தக் காபித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும் கொடி, மிளகு. ட்ரிப் முடித்துக் கீழே இறங்கும்போது வாங்கி வரும் அந்த மிளகு பாக்கெட், பல வீடுகளில் அஞ்சறைப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். இந்த வாரம் அதை எழுப்புவோம்.

ஆனால், ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால், நம் ஊர்க் கறி செருப்புத்தோல் மாதிரி ஆகிவிடும், சாஸ் திரிந்துபோகும். தப்பு உங்கள் கையில் இல்லை. நம் கறியும் நம் க்ரீமும் வேறு. அதனால், மூன்று இடங்களில் செய்முறையை மாற்ற வேண்டும்.

முதல் மாற்றம்: கறி

வெளிநாட்டில் ஸ்டேக்குக்காகவே இரண்டு வயதுக்குள் கொழுக்க வளர்த்த மாட்டை வெட்டுகிறார்கள். இங்கே நிலைமை வேறு. 1958-ம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாடுகளையே பொதுவாக வெட்ட முடியும். உழைத்து முறுகிய சதை அது. குக்கரில் எட்டு விசில் விட்டால் குழம்பில் அருமையாக இருக்கும். சட்டியில் எட்டு நிமிடம் சுட்டால் பல்லுக்குத்தான் வேலை.

அதனால் கடையில் 'ஸ்டேக் கறி' என்று கேட்காதீர்கள். 'அண்டர்கட்' என்று கேளுங்கள். முதுகெலும்பின் உள்பக்கத்தை ஒட்டி, இரண்டு புறமும் நீளமாக ஓடும் சதை. மாடு எவ்வளவு உழைத்தாலும் இந்தச் சதைக்கு வேலை குறைவு. அதனால்தான் மென்மை. ஒரு மாட்டுக்கு ரெண்டே துண்டுதான் என்பதால், முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

வாங்கும்போது கவனிக்க...

* வெட்டிய துண்டாக வாங்காமல், முழு நீளமாக வாங்குங்கள். மேலே இருக்கும் வெள்ளை ஜவ்வை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அது எவ்வளவு சூட்டிலும் கரையாது.

* காலையில் வெட்டிய கறியை அன்றைக்கே சுடாதீர்கள். வெட்டிய சில மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும். மூடிய பாத்திரத்தில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்தால் அந்த விறைப்பு தளரும்.

* அண்டர்கட் கிடைக்கவில்லையா? தொடைக்கறியை மெல்லிய துண்டுகளாக வெட்டி, அரைத்த பப்பாளிக்காயைத் தடவி 20 நிமிடம் மட்டும் வையுங்கள். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பைன் என்ற நொதி சதையை இளக்கும். அதற்கு மேல் வைத்தால் கறி மாவாகிவிடும்.

இரண்டாவது மாற்றம்: வேக்காடு

'மீடியம் ரேர்' என்று உள்ளே சிவப்பாகச் சாப்பிடுவதுதான் ஸ்டைல் என்று இன்ஸ்டாகிராம் சொல்லும். அதற்கு 55 டிகிரி செல்சியஸ் அளவு உள்சூடு போதும். நம் ஊரில் அது வேண்டாம் பாஸ்!

காரணம் சிம்பிள். முழுத் துண்டுக் கறியில் பாக்டீரியா பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், சட்டியின் சூட்டில் செத்துப்போகும். ஆனால் மாட்டிறைச்சி வழியாக வரும் நாடாப்புழுவின் இளம்புழுப் பைகள் (லார்வா) சதைக்கு உள்ளே இருக்கக்கூடியவை. வெளியே கருகினாலும், உள்ளே சூடு ஏறாவிட்டால் அவை சாகாது. கறி எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேரம் வெளியில் தொங்கியது என்பதும் நமக்குத் தெரியாது. அதனால் நடுவில் 63 டிகிரி, அதன்பிறகு 3 நிமிட ஓய்வு. இதுதான் குறைந்தபட்சம். கர்ப்பிணிகள், குழந்தைகள், பெரியவர்களுக்கு 70 டிகிரிக்கு மேல் போய்விடுங்கள்.

சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவைத்தால் பிரச்னையே இல்லை. துண்டின் பக்கவாட்டில் இருந்து நடுவரைக்கும் குத்திப் பாருங்கள். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது ஏமாற்றும். இன்னொன்று, தட்டில் வழியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை. மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர் அது.

மூன்றாவது மாற்றம்: க்ரீம்

வெளிநாட்டு ரெசிப்பிகளில் வரும் 'ஹெவி க்ரீம்' 36% கொழுப்பு கொண்டது. கொதித்தாலும் அசராது. நம் கடைகளில் கிடைக்கும் பாக்கெட் ஃப்ரெஷ் க்ரீமில் பெரும்பாலும் 25%தான். கொழுப்பு குறையக் குறைய, சூட்டிலும் புளிப்பிலும் க்ரீம் சீக்கிரம் திரியும். அதனால் மூன்று விதி: அடுப்பைக் குறைத்த பிறகே க்ரீம். கொதிக்க விடக் கூடாது. எலுமிச்சைச் சாறு வேண்டுமென்றால், அடுப்பை அணைத்த பிறகு சில சொட்டு.

மிளகை முதலில் டெஸ்ட் பண்ணுங்க

மிளகில் காய்ந்த பப்பாளி விதையைக் கலப்பது பழைய மோசடி. ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு அடியில் போய் உட்காரும், பப்பாளி விதை மிதக்கும்.

தூளாக வாங்காமல் முழு மிளகாக வாங்குங்கள். மிளகின் வாசனை எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. பொடித்து வைத்தால் வாசனை போய், காரம் மட்டும் மிஞ்சும். சின்ன உரலில் ஒன்றிரண்டாக இடித்தால் போதும்.

தேவையானவை (2 பேருக்கு)

அண்டர்கட் - 3 செ.மீ கனத்தில் 2 துண்டு (மொத்தம் 400 கிராம்)
முழு மிளகு - 2 டீஸ்பூன்
கடலை எண்ணெய் அல்லது ரீஃபைண்டு எண்ணெய் - 1 டேபிள்ஸ்பூன்
வெண்ணெய் - 1 டேபிள்ஸ்பூன்
சின்ன வெங்காயம் - 6 (பொடியாக நறுக்கியது)
பூண்டு - 2 பல் (தட்டியது)
தண்ணீர் அல்லது எலும்பு வேகவைத்த நீர் - 100 மி.லி
ஃப்ரெஷ் க்ரீம் - 100 மி.லி
உப்பு - தேவைக்கு

சட்டி? அடி தட்டையான இரும்பு அல்லது வார்ப்பிரும்புச் சட்டி பெஸ்ட். தோசைக்கல்லில் கறி நன்றாகச் சுடும், ஆனால் விளிம்பு இல்லாததால் சாஸ் வழிந்துவிடும். நான்ஸ்டிக் வேண்டாம். அதை அவ்வளவு சூடாக்கக் கூடாது, மேலும் அதில் எதுவும் ஒட்டாது. ஒட்டினால்தானே சாஸ்!

செய்முறை

1. சமைக்க 45 நிமிடம் முன்பே கறியில் உப்பு தடவிவிடுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரோடு உள்ளே போகும். நேரம் இல்லையென்றால் சட்டியில் போடும் நொடியில் உப்பு போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் போட்டால், மேலே ஈரம் நிற்கும்.

2. டிஷ்யூ பேப்பரால் கறியை நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரமிருந்தால் கறி வேகும், சிவக்காது. 1912-ல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கிய 'மயார் வினை'தான் இந்தச் சிவப்பும் மணமும். அது வேகம் பிடிக்கவே சுமார் 140 டிகிரி சூடு வேண்டும். நீர் இருக்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது.

3. ஜன்னலைத் திறந்துவையுங்கள், புகை வரும். சட்டியைக் காயவையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓட வேண்டும். இப்போது எண்ணெய், பிறகு கறி. மிளகை இப்போது போடாதீர்கள், கருகிக் கசக்கும்.

4. நடுத்தரத்துக்குக் கொஞ்சம் அதிகமான தீயில், ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 நிமிடம். ஓரங்களையும் நிறுத்திவைத்துச் சுடுங்கள். அடுப்புக்கு அடுப்பு நேரம் மாறும், அதனால் 63 டிகிரி வந்ததா என்று பாருங்கள்.

5. கறியை எடுத்துத் தட்டில் வையுங்கள், 5 நிமிடம் தொடாதீர்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் தட்டுக்குப் போய்விடும்.

6. சட்டியைக் கழுவிடாதீங்க! அதிகப்படி எண்ணெயை மட்டும் வடித்துவிட்டு, தீயைக் குறைத்து வெண்ணெய், வெங்காயம், பூண்டு சேர்த்து வதக்குங்கள். இடித்த மிளகில் பாதியைப் போட்டு அரை நிமிடம் பிரட்டுங்கள்.

7. தண்ணீரை ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்து, தண்ணீர் காபி நிறத்துக்கு வரும். பாதியாக வற்றட்டும்.

8. தீயை இன்னும் குறைத்து க்ரீமை ஊற்றிக் கலக்குங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் படியும் பதம் வந்ததும் அணைத்துவிடுங்கள். மீதி மிளகு, தட்டில் தேங்கியிருக்கும் கறிச்சாறு, கடைசியாக உப்பு.

9. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கறியை வெட்டி, மேலே சாஸை ஊற்றுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள், கறியை மெல்லிசாக வெட்டி, க்ரீம் ஊற்றுவதற்கு முன், 7-ம் ஸ்டெப்பில் கொதிக்கும் சாற்றில் போட்டு, எங்கும் சிவப்பில்லாமல் முழுசாக வேகவிடுங்கள். ஸ்டேக் கெத்து கொஞ்சம் குறையும். வயிறு நிம்மதியாக இருக்கும்.

சாஸ் திரிஞ்சுடுச்சா?

பதறாமல் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் குளிர்ந்த க்ரீமை விட்டு வேகமாக அடியுங்கள். பெரும்பாலும் ஒன்று சேர்ந்துவிடும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு

இதே சாஸ், பன்றிக்கறி சாப்ஸுக்கும் (63 டிகிரி, 3 நிமிட ஓய்வு) சிக்கன் நெஞ்சுக்கறிக்கும் (74 டிகிரி, சமரசமே கிடையாது) பொருந்தும். சைவம் என்றால் கனமாக நறுக்கிய காளானை இதேபோல சட்டியில் சிவக்கவிடுங்கள். அதுவும் அடியில் ஒட்டும், அதிலும் சாஸ் வரும்.

ஏற்காட்டில் ஹோம் ஸ்டேயில் சமைக்கிறீர்களா?

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சட்டியில் கறி சுடுவதற்கு இதனால் வித்தியாசம் இல்லை. ஆனால் கூட வைக்கும் உருளைக்கிழங்கு வேக, அடிவாரத்தைவிட அதிக நேரம் எடுக்கும். கிழங்கை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு கறியைத் தொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சட்டியில் கொஞ்சம் சாஸ் மிச்சம் இருக்கும். அதில் பன்னைத் தோய்ப்பதா, ரெண்டு கரண்டி சூடான சோற்றைப் போடுவதா என்பது உங்கள் இஷ்டம். சண்டை மட்டும் போடாம பிரிச்சுச் சாப்பிடுங்க!