கார் செல்ஃப் எடுக்கலையா? மறுபடி சாவியைத் திருப்பும் முன் கவனிக்க வேண்டியவை

கொச்சியின் மட்டாஞ்சேரி, காயலை ஒட்டிய தாழ்வான பகுதி. கடல் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். ஜூன் மாதம் பருவமழை தொடங்கிவிட்டால் தெருவில் நிறுத்திய காருக்கு இரண்டு ஆபத்துகள்: ஒன்று பேட்டரி முனையில் பிடிக்கும் உப்புப்பூ, மற்றொன்று தேங்கும் தண்ணீர். இரண்டிலுமே காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஆனால், முதலாவது சில நிமிட வேலை. இரண்டாவதில் அவசரப்பட்டால் இன்ஜினே போய்விடும்.

முதலில், தண்ணீர் ஏறியதா?

இரவில் வண்டி நின்ற இடத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பாருங்கள். கதவின் உள்பக்கம் ஈரம், தரைவிரிப்பில் சேறு, ஏர் ஃபில்டரில் நனைந்த தடம் என ஏதாவது இருந்தால் சாவியைத் தொடவே வேண்டாம்.

காரணம் எளிது. இன்ஜினுக்குள் பிஸ்டன் அழுத்துவது காற்றை. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுழற்றினால் பிஸ்டன் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையக்கூடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'ஹைட்ரோலாக்' என்கிறார்கள். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோதும், ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிக்கு ஒரே வழி, ஸ்டார்ட் செய்து பார்க்காமல் கட்டி இழுத்துப் போவதுதான்.

தண்ணீர் இல்லை என்றால்?

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருமுறை செல்ஃப் அடியுங்கள். விளக்கும் சத்தமும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

* விளக்கே எரியவில்லை: பேட்டரி முழுசா டவுன், அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது.
* விளக்கு மங்கி, 'டக் டக் டக்' என்று வேகமான சத்தம்: பேட்டரியில் சார்ஜ் போதவில்லை, அல்லது முனையில் உப்புப்பூ.
* விளக்கு பளிச்சென்று இருக்க, ஒரே ஒரு 'டக்': பெரும்பாலும் செல்ஃப் மோட்டார் அல்லது அதன் சாலினாய்டு கோளாறு.
* விளக்கு பளிச், சத்தமே இல்லை: ஆட்டோமேட்டிக் என்றால் கியர் 'பார்க்' நிலையில் இருக்கிறதா, மேனுவல் என்றால் கிளட்ச் முழுசா அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஃபியூஸ், ரிலே, சாவியின் இம்மொபிலைசர்.
* இன்ஜின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை: இது வேறு பிரச்சினை. எரிபொருள் அல்லது ஸ்பார்க் பக்கம் தேட வேண்டும்.

பேட்டரியை எப்படி உறுதி செய்வது?

சாதாரண மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் சுமார் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குற்றவாளி ஆல்டர்னேட்டராக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் புது பேட்டரி வாங்கினால், அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ் வயரையும் பிறகு பாசிட்டிவ் வயரையும் கழற்றி, வெந்நீரில் கரைத்த ஆப்பச்சோடாவால் தேய்த்துத் துடையுங்கள். காய்ந்ததும் பாசிட்டிவை முதலில் மாட்டி, இறுக்கி, லேசாக வாசலின் தடவலாம்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

பேட்டரி மட்டுமே டவுன் ஆன மேனுவல் வண்டி என்றால் சரி. ஆட்டோமேட்டிக் காரில் வேலைக்கு ஆகாது. தண்ணீர் புகுந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது ரொம்பவே ஆபத்து; சக்கரத்தின் வேகம் முழுவதும் இன்ஜினைத் தாக்கும்.

காப்பீடு கிடைக்குமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் போனால், 'விளைவுச் சேதம்' என்று சொல்லி மறுக்க இடமுண்டு. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு இதற்காகத்தான். அதிலும் நிபந்தனைகள் உண்டு என்பதால் பாலிசியைப் படித்துவிடுங்கள். வண்டியை நகர்த்தும் முன் தண்ணீர் மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது.