மெலிவின் பெயரும் இனத்தின் பெயரும்

1985 அக்டோபரில் லான்செட் இதழில் வெளியான கட்டுரையொன்று, உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில் கண்ட புதியதொரு நோயை விவரித்தது. மருத்துவர்கள் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. உடல் வற்றி மாய்வதைக் கண்ட ஊர்மக்கள் முன்பே அதனை ‘ஸ்லிம்’ என்றழைத்துவந்தனர். லுகாண்டா மொழியில் அச்சொல் ‘சிலீமு’ எனத் திரிந்து எய்ட்ஸுக்கே பெயராக நிலைத்தது. ஒல்லியழகைக் குறித்த ஆங்கிலச் சொல் கடனாகச் சென்று சாவின் பெயரானது. சொற்பொருள் மாற்றத்திற்கு இதனினும் கொடிய சான்றை நான் கண்டதில்லை. 1987இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும், காரணமின்றி உடல் எடையில் 10 விழுக்காட்டிற்கு மேல் குறைவதை எய்ட்ஸின் வரையறையில் சேர்த்தது.

கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் எடை மீள்வது உயிர் மீள்வதன் அடையாளமாயிற்று. மெலிந்தவரை ஊர் ஐயுறும் இடத்தில், ‘எடையைக் குறையுங்கள்’ என்று ஒரு பெண்ணிடம் கூறுவது வெறும் உணவு அறிவுரையாக இராது.

அவ்வறிவுரைக்கான தேவை 2019இல் வெளிப்படையாயிற்று. ஜோகன்னஸ்பர்க்கில் 1,053 பேரிடம் நடந்த அட்வான்ஸ் ஆய்வில், டோலுடெக்ராவிருடன் டெனோஃபோவிரின் புதிய வடிவத்தை உட்கொண்ட பெண்களின் எடை 48 வாரங்களில் சராசரியாக 6.4 கிலோ கூடியது. பழைய வடிவத்துடன் உட்கொண்டோருக்கு 3.2 கிலோ; எஃபவிரென்ஸ் அடங்கிய பழைய சிகிச்சையில் 1.7 கிலோ. வேறு எட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த கட்டுரை, பெண்களும் கறுப்பினத்தவரும் கூடுதலாக எடை ஏறுவதாகக் காட்டியது. அதுமுதல் ‘கறுப்பினம்’ என்பது அட்டவணையில் ஒரு காரணம்போலவே படிக்கப்படலாயிற்று.

2021இல் அட்வான்ஸ் பங்கேற்பாளரின் மரபணுவை ஆராய்ந்தபோது வேறொன்று புலப்பட்டது. எஃபவிரென்ஸைச் சிதைக்கும் நொதி சிலரிடம் மெதுவாக இயங்குகிறது. அவர்கள் உடலில் மருந்து தேங்கி எடை கூடுவதைத் தடுக்கிறது. விரைவாகச் சிதைப்போரிடமோ, எஃபவிரென்ஸிலும் டோலுடெக்ராவிரிலும் (டெனோஃபோவிரின் பழைய வடிவத்துடன்) எடை ஏறத்தாழ ஒரே அளவிலேயே கூடியது. புதிய மருந்து ஏற்றியதாக எண்ணிய எடையில் ஒரு பகுதி, பழைய மருந்து ஏறவிடாமல் தடுத்த எடையே. அந்த மரபணு வேறுபாடோ ஆப்பிரிக்கர்க்கு மட்டும் உரியதன்று. தென்னிந்தியரிடமும் பரவலாக உண்டு. அட்டவணையின் ‘இனம்’ என்ற கட்டத்தில் நாம் கறுப்பினத்தாருடன் ஒருநாளும் சேர்க்கப்படுவதில்லை.

இதனால் இனம் என்னும் சொல்லையே நீக்கிவிடலாம் என்பாருடன் நான் உடன்படவில்லை. அமெரிக்க நகரங்களில் யாருக்கு நல்ல உணவும் மருத்துவமனையும் எட்டுகின்றன என்பதை அச்சொல் இன்றும் சரியாகவே காட்டுகிறது. நொதியின் வேகத்தை அது காட்டாது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் ‘ஆசியர்’க்கென உடல் நிறை குறியெண்ணில் 23 என்னும் எச்சரிக்கை எல்லையைப் பரிந்துரைத்தது. இந்தியச் சிகிச்சை மையங்களில் டோலுடெக்ராவிர் உட்கொள்வோரை அவ்வெல்லை கொண்டு அளக்கும்போதும், தோக்கியோவையும் திருச்சியையும் ஒரே சொல்லில் அடக்கித்தான் அளக்கிறோம்.