பானை, சட்டம், சட்டமில்லாப் பெட்டி: தேனீ வளர்ப்பின் வரலாற்றில் ஒரு பகுதி

கூட்டை அடிக்கடி திறந்து பார்க்காமல், அடையைத் தேனீக்களின் போக்கிலேயே கட்டவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேன் எடுக்கும் வளர்ப்பு முறை இன்று மேலைநாடுகளில் புதிய மாற்று முறையாகப் பேசப்படுகிறது. தென்னிந்தியாவிலோ அதுவே பழைய முறையாகும். பொந்துகளில் பல அடைகளை இணையாக அடுக்கிக் கட்டுவதால் அடுக்குத்தேனீ என்று பெயர் பெற்ற இந்தியத் தேனீயை, மண்பானையிலும் குடைந்த மரத்துண்டிலும் வீட்டுச் சுவரில் விட்ட மாடத்திலும் குடியேற்றி வளர்த்தனர். கூட்டம் பிரிந்து வரும் பருவத்தில் பானையின் உட்புறம் மெழுகு தடவி நிழலில் வைப்பதோடு வளர்ப்பவரின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். இந்த எளிமைக்கு ஒரு கடுமையான விலை இருந்தது. புகை போட்டு அடை முழுவதையும் அறுத்துப் பிழியும்போது தேனோடு முட்டையும் புழுவும் நசுங்கின. எஞ்சிய தேனீக்கள் கூட்டைவிட்டு ஓடின. வளரும் காலத்தில் தேனீயை முற்றிலும் தொடாத ஒரு முறை, அறுவடை நாளில் அதன் குடும்பத்தையே அழித்தது என்பதை மறைத்துவிட்டுப் பானையைப் புகழ்வது நேர்மையாகாது.

இந்தக் குறையைத் தீர்த்தது சட்டப் பெட்டி. அமெரிக்கப் போதகர் லாங்ஸ்ட்ராத், ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலமுள்ள சந்தைத் தேனீக்கள் அடையாலும் பிசினாலும் அடைக்காமல் நடைவழியாக விட்டுவைக்கின்றன என்பதைப் பயன்படுத்தி, தனித்தனியே தூக்கி எடுக்கக்கூடிய மரச்சட்டங்களைக் கொண்ட பெட்டிக்கு 1852இல் காப்புரிமை பெற்றார். புழுக்கள் வளரும் கீழறையைத் தொடாமல் மேலறைச் சட்டங்களிலிருந்து மட்டும் தேனைச் சுழற்றி எடுக்க இதனால் வழி பிறந்தது. ஆனால் அப்பெட்டி உடலாலும் கூட்டத்தின் எண்ணிக்கையாலும் பெரிய ஐரோப்பியத் தேனீக்கு அளந்து செய்யப்பட்டது. சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்ற அளவைத் தென்னாட்டில் வகுத்தவர் இயேசு சபைத் துறவியான நியூட்டன் பாதிரியார். 1911க்கும் 1917க்கும் இடையில் அவர் கிராம மக்களுக்குப் பயிற்சியளித்துப் பரப்பிய, புழு அறையில் ஏழு சிறு சட்டங்களைக் கொண்ட பெட்டி அவர் பெயராலேயே நியூட்டன் பெட்டி எனப்படுகிறது. இன்று அரசுப் பயிற்சிகளில் வழக்கமான பெட்டியாகக் காட்டப்படுவது, தான் தோன்றிய காலத்தில் உலக வழக்குக்கு மாற்றாகப் பிறந்த பெட்டியே. திருவிதாங்கூரில் 1917இலும் மதராஸ் மாகாணத்தில் 1931இலும் அரசின் தேனீ வளர்ப்புப் பணிகள் தொடங்கின. மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்சின் வழிகாட்டலில் நடந்த ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் இத்தொழிலை ஏழைக் குடும்பங்களின் துணைவருவாயாக வளர்த்தது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்த ஆட்சி எல்லைகளுக்கு வெளியே இருந்தது.

அதே காலத்தில் பிரான்சில் எமில் வாரே என்ற பாதிரியார், பலவகைப்பட்ட முந்நூற்றைம்பது கூடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஏழையும் தானே செய்துகொள்ளத்தக்க 'மக்கள் கூடு' ஒன்றை வடிவமைத்தார். ஒவ்வொன்றும் உள்ளே 30 சென்டிமீட்டர் சதுரமும் 21 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். சட்டங்களுக்குப் பதிலாக மேல்விளிம்பில் எட்டு மரப்பட்டிகள் மட்டுமே இருக்கும். தேனீக்கள் அவற்றிலிருந்து அடையைத் தாமே தொங்கவிட்டுக் கட்டும். புதிய பெட்டியை மேலே வைக்காமல் அடியில் சேர்ப்பதே இதன் உயிர்நாடி. மரப்பொந்தில் போலவே கூட்டம் மேலிருந்து கீழாக இறங்கி வளர, புழு தேனீயாகி வெளியேறியபின் வெறுமையான மேலடைகளில் தேன் நிறையும்; பருவ முடிவில் மேற்பெட்டியை மட்டும் எடுத்துவிட்டால், கூட்டின் வெப்பமும் மணமும் பெரிதும் கலையாமல் அறுவடை நிறைவேறும். பானை தந்த அமைதியையும் சட்டப் பெட்டி காத்த புழுவையும் ஒருங்கே பெற முயன்ற அமைப்பு என்பதே இதன் சிறப்பு. வாரேயின் நூல் 1948இல் பன்னிரண்டாம் பதிப்புக் கண்டபோது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தபோதிலும், அதைச் சுற்றிய தமிழ் நிலத்தில் வேரூன்றியது நியூட்டன் பெட்டியே.

அந்த வேர் 1991இல் ஆட்டம் கண்டது. புழு நீர் நிறைந்த பை போலாகி மடியும் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்தில் தோன்றி, அடுத்த ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பரவி, வளர்ப்புக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் இத்தாலியத் தேனீ இப்பகுதிகளுக்குக் கொண்டுவரப்பட்டது. தப்பிப் பிழைத்த இந்தியத் தேனீக் கூட்டங்களும் மெல்லப் பெருகின. கூட்டை அடிக்கடி திறக்காத மாற்று முறையைப் பேசும் மேலைநாட்டிலோ 'தலையிடாமை' என்ற சொல் பெரும்பாலும், தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணிக்கு மருந்திடாமையைக் குறிக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆர்னாட் காட்டில் 1978இலும், உண்ணி பரவியபின் 2002இலும் உயிரியலாளர் தாமஸ் சீலி நடத்திய கணக்கெடுப்புகளில் காட்டுக் கூட்டங்களின் அடர்த்தி குறையாமலிருந்தது மருந்தின்றியும் தேனீ பிழைக்கும் என்ற வாதத்துக்கு வலுவூட்டிற்று. வரோவாவோ இந்தியத் தேனீயை உள்ளடக்கிய ஆசியத் தேனீயோடு தொன்றுதொட்டு வாழ்ந்த உயிரி; இந்தியத் தேனீ அதைத் தன் உடலிலிருந்து நீக்கிக்கொள்ளும் திறனுடையது. ஆகவே மேலைநாட்டு விவாதத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வருவது புதுச்சேரியில் புதிதாகத் தொடங்குபவருக்குச் சிறிதும் உதவாது.

இக்கடற்கரை நகரில் அவர் எதிர்கொள்ள வேண்டியவை எறும்பும், மெழுகு அந்துப்பூச்சியும், ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலத்தின் பூப்பஞ்சமுமே. பஞ்சமும் இடையூறும் மிகும்போது இந்தியத் தேனீ கூட்டத்தோடு இடம்பெயர்ந்துவிடும் என்பதால், வாரந்தோறும் சட்டங்களைத் தூக்கிப் பார்க்கும் ஆர்வமே பல நேரங்களில் அதை விரட்டிவிடுகிறது. ஆனால் பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தாமலும் அடித்தட்டில் சேரும் மெழுகுத் துகளை நீக்காமலும் விடுவது தலையிடாமை ஆகாது, புறக்கணிப்பே ஆகும். திறக்காமலே அறிந்துகொள்ளக் கூட்டின் வாயில் போதிய அளவு பேசும். பணித்தேனீக்கள் காலில் மகரந்த உருண்டைகளோடு தொடர்ந்து திரும்புவது, உள்ளே புழு வளர்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

வாரே பெட்டியை இங்கே பயன்படுத்த விரும்புவோர் நியூட்டன் செய்த வேலையை மறுபடியும் செய்தாக வேண்டும். ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளும் அதன் ஒரு பெட்டியே இந்தியத் தேனீயின் சிறு கூட்டத்துக்கு மிகப் பெரிது. பட்டியின் அகலமும் பட்டிகளுக்கிடையிலான சந்தும் சுருங்க வேண்டும். கோடை வெப்பத்தில் இளகும் புதிய அடை சட்டத்தின் தாங்கலின்றி ஒடிந்து விழாதபடி பெட்டியைச் சாய்க்காமல், நல்ல நிழலில் வைக்க வேண்டும். தோட்டமில்லாத வீட்டினருக்குக் கொட்டாத கொசுத்தேனீ இருக்கிறது. பழஞ்சுவர்ப் பொந்துகளில் தானே குடியேறும் இச்சிறு தேனீயை மூங்கில் துண்டிலும் சிறு பானையிலும் வளர்க்கிறார்கள். அது தேனை அடையில் சேர்க்காமல் பிசின் கலந்த மெழுகுக் குப்பிகளில் சேர்ப்பதால், புழுப் பகுதியைத் தொடாமல் அக்குப்பிகளை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். கிடைக்கும் தேனின் அளவு மிகக் குறைவு.